புது சீரிஸ், பழைய சீரிஸின் புது சீசன்: எதைத் தொடர்வது, எதை விடுவது

புது சீரிஸ் ஒன்றை முதல் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு எடை போடாதீர்கள். நல்ல சீரிஸ்களைப் பலர் தவறவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் காலம், எந்த இடம், பிரச்சினை என்ன என்று எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லி, போதாக்குறைக்கு அடுத்த எபிசோடைப் பார்க்க வைக்கக் கடைசியில் ஒரு திருப்பத்தையும் செருகியாக வேண்டும் என்ற அவசரத்தில் ஓடுவதுதான் முதல் எபிசோட். அமெரிக்க டிவி சேனல்களில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே வழக்கமாக பைலட் என்று ஒரே ஒரு எபிசோடை முதலில் எடுத்து சேனல்காரர்களிடம் காட்டுவார்கள், அவர்களுக்குப் பிடித்தால்தான் மீதி எடுக்கப்படும். ஆக அந்த எபிசோட் எழுதப்பட்டதே முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிற நாலு பேரைச் சம்மதிக்க வைக்க. கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு முதலில் எடுத்த பைலட் சரியாக வராமல் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள், சில நடிகர்களும் மாறினார்கள். 2011-இல் நாம் பார்த்தது இரண்டாவதாக எடுத்ததை.

சரி, எத்தனை எபிசோட் வரை பொறுப்பது? எல்லா சீரிஸுக்கும் ஒரே கணக்கு வைத்தால் சரியாக வராது.

தொடர்கதையாகப் போகும் டிராமா என்றால் மூன்று எபிசோட். அறிமுகமெல்லாம் முடிந்து, கதை தன் இயல்பான வேகத்துக்கு வந்து நிற்கும் இடம் ஏறக்குறைய அதுதான். இது எடுப்பவர்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். 2022-இல் ஆண்டோர் வந்தபோது முதல் மூன்று எபிசோடையும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். முதல் இரண்டில் ஒரு மனிதன் ஓடி ஒளிவதைத் தவிர பெரிதாக ஒன்றும் நடக்காது, மூன்றாவதில்தான் அந்த ஊரே பொங்கி எழும். இரண்டோடு நிறுத்தியவர்களுக்கு அது வெறும் இழுவையாகத்தான் நினைவில் நிற்கும். அப்படி நிறுத்திய யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இழுத்துப் பிடித்து உட்கார வைத்து மூன்றாவதைப் போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது எபிசோட் முடிந்ததும் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் முக்கியம். "அடுத்து என்ன நடக்கும்" என்ற ஆவலை நான் பெரிதாக மதிப்பதில்லை. எந்த எபிசோடையும் கொக்கி போட்டு முடித்தால் அந்த ஆவல் வந்துவிடும், அதைச் செய்யத் தெரியாத எழுத்தாளர்கள் இப்போது இல்லை. அதைவிட இதைக் கேளுங்கள்: கதை நகராமல் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் காட்சி வரும்போது உங்கள் கை தானாகப் போனை எடுக்கிறதா, இல்லை அந்த இரண்டு பேர் பேசுவதைக் கேட்கப் பிடித்திருக்கிறதா? நாயகனைத் தவிர இன்னும் இரண்டு பேரின் பெயராவது ஞாபகம் இருக்கிறதா? யாராவது ஒருவர், நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்து, ஆனால் "ஆமாம், இந்த ஆள் இப்படித்தான் செய்வான்" என்று ஒப்புக்கொள்ள வைத்த ஓர் இடமாவது வந்ததா? மூன்றுக்கும் இல்லை என்றால் தயங்காமல் விட்டுவிடலாம். ஒன்றுக்காவது ஆம் என்றால் தொடருங்கள்.

சிட்காமுக்கு, அதாவது அரை மணி நேர நகைச்சுவை சீரிஸுக்கு, இந்தக் கணக்கு போதவே போதாது. நகைச்சுவை என்பது எழுத்தாளர்களுக்கு நடிகர்களைப் பழகிய பிறகுதான் ஒழுங்காக வரும். யார் எதைச் சொன்னால் சிரிப்பு வரும் என்பது எடுத்துப் பார்த்துத்தான் தெரியும். 2005-இல் வந்த அமெரிக்க தி ஆஃபீஸின் முதல் எபிசோட், பிரிட்டிஷ் தி ஆஃபீஸின் முதல் எபிசோடை ஏறக்குறைய அப்படியே எடுத்து வைத்தது, அந்தக் கடுகடுப்பு அங்கே ஒட்டவில்லை. முதல் சீசனே மொத்தம் 6 எபிசோட்தான். இரண்டாவது சீசனில் மேலாளர் பாத்திரத்துக்குக் கொஞ்சம் ஈரமும் வெகுளித்தனமும் சேர்த்த பிறகுதான் இன்று எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கும் தி ஆஃபீஸ் உருவானது. பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷனும் இதே பாதையில்தான் வந்தது, 2009-இல் முதல் சீசன் 6 எபிசோட், தடுமாற்றம், இரண்டாவதில் தெளிவு. அதனால் சிட்காம் என்றால் குறைந்தது ஆறு எபிசோட் கொடுங்கள், அதுவும் சாப்பிடும்போதோ துணி மடிக்கும்போதோ பார்த்தால் போதும், மொத்தமே ஒரு சினிமாவுக்கு ஆகிற நேரம்தான்.

பிளாக் மிரர் மாதிரி ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய அவசியமே இல்லை. பிடித்தவர்களிடம் எது நல்ல எபிசோட் என்று கேட்டு அதிலிருந்து ஆரம்பியுங்கள், அது பிடிக்கவில்லை என்றால் வேறு எதுவும் பிடிக்கப் போவதில்லை.

ட்ரெய்லரை நம்பி எதையும் தொடங்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சீசனில் செலவு செய்த காட்சிகள் மொத்தமும் அந்த இரண்டு நிமிடத்தில் வந்துவிடும்.

எழுதியவர் யார் என்று பாருங்கள்

புது சீரிஸைத் தேர்ந்தெடுக்க என்னிடம் இருக்கும் வழிகளிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான். நாம் சினிமாவை இயக்குநர் பெயரையும் நடிகர் பெயரையும் வைத்துப் பார்த்துப் பழகியவர்கள், அதே பழக்கத்தில் சீரிஸுக்கும் பெரிய நடிகர் இருக்கிறாரா என்று பார்க்கிறோம். சீரிஸில் குடுமி எழுத்தாளர் கையில். ஷோரன்னர் என்று சொல்லப்படுபவர்தான் கதையை யோசித்து, எழுத்தாளர் குழுவை நடத்தி, யார் இயக்கினாலும் கடைசியில் எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர். ஒரே சீசனை நாலைந்து இயக்குநர்கள் பங்கு போட்டு எடுப்பது சர்வ சாதாரணம், ஆனால் ஷோரன்னர் மாறினால் சீரிஸே மாறிவிடும்.

வின்ஸ் கில்லிகனை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் ஃபைல்ஸில் எழுத்தாளராக இருந்தவர், அப்புறம் பிரேக்கிங் பேட், அப்புறம் பீட்டர் கூல்டோடு சேர்ந்து பெட்டர் கால் சால். இந்த வரிசை தெரிந்திருந்தால் 2025 நவம்பரில் புளூரிபஸ் வந்தபோது கதை என்னவென்றே தெரியாமல் உட்காரலாம், தைரியமாக உட்காரலாம். உலகமே ஒரே மனமாகிவிட, அதில் சேராமல் மிஞ்சி நிற்கும் வெகு சிலரில் ஒருத்தியின் கதை; பெட்டர் கால் சாலில் கிம்மாக நடித்த ரியா சீஹார்ன்தான் இதிலும் நாயகி. முதல் எபிசோட் தீப்பிடித்த மாதிரி ஓடும், அதற்குப் பிறகு வேகம் சட்டென்று குறையும். அந்த மெதுவான எபிசோட்கள்தான் அந்த சீரிஸின் உயிர் என்பது என் உறுதியான கருத்து. ஒருத்தி தனியாக ஒரு வேலையை முதலிலிருந்து முடிவு வரை செய்வதை ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் காட்டும்போது அவளுடைய தனிமை நமக்கு வந்து சேர்கிறது. அதை நாலு வரி வசனத்தில் சொல்லியிருந்தால் சேர்ந்திருக்காது. பிரேக்கிங் பேட், பெட்டர் கால் சால் இரண்டிலும் இதே பொறுமையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

இந்த வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. எழுத்தாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சீரிஸைத் தொடர்வதும் நிறுத்துவதும் அவர் கையில் இல்லை. டார்க் என்ற ஜெர்மன் சீரிஸை 2017 முதல் 2020 வரை மூன்று சீசனில் நினைத்தபடி முடித்த அதே இரண்டு பேர், 2022 நவம்பரில் 1899 என்ற சீரிஸைக் கொண்டுவந்தார்கள். அதையும் சில சீசன்களுக்கு யோசித்துத்தான் தொடங்கினார்கள். 2023 ஜனவரியிலேயே நிறுத்தம். கேள்விகளெல்லாம் அந்தரத்தில் நின்றுவிட்டன. அதனால் புதிர் மேல் புதிராக அடுக்கும் புது சீரிஸ் என்றால் தொடங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: தொடக்கத்திலேயே இரண்டு சீசனுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறதா? புளூரிபஸுக்கு அப்படிக் கிடைத்திருந்தது. கிடைக்கவில்லை என்றால் சீசன் முடிந்து, அடுத்தது வருகிறது என்ற அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அந்தக் காத்திருப்பு கூட வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே சீசனோடு முடியும் மினி சீரிஸ் இருக்கிறது. செர்னோபில் 5 எபிசோட், 2019-இல் வந்தது, தொடக்கம் நடு முடிவு எல்லாம் அதற்குள். எனக்கு யாராவது "ஒரே ஒரு சீரிஸ் சொல்லு" என்றால் இன்னமும் அதைத்தான் சொல்வேன்.

திரும்பி வரும் சீரிஸை எப்படி அணுகுவது

புது சீரிஸிடம் பொறுமை காட்டச் சொன்னேன், திரும்பி வரும் சீரிஸிடம் அந்தப் பொறுமை தேவையில்லை. அதற்கு ஏற்கனவே ஒரு சீசன் நேரம் கொடுத்துவிட்டோம், அறிமுகம் செய்யும் சுமையும் அதற்கு இல்லை. இரண்டு எபிசோடுக்குள் பழைய மனிதர்கள் பழைய மனிதர்களாகவே பேசவில்லை என்றால் எங்கோ இடறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, மறந்ததை மீட்பது. இப்போது இடைவெளிகள் பெரிதாகிவிட்டன. செவரன்ஸ் முதல் சீசன் 2022 பிப்ரவரியில் தொடங்கியது, இரண்டாவது 2025 ஜனவரியில். நடுவில் 2023-இல் எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் என்று ஹாலிவுட்டில் நடந்த வேலைநிறுத்தங்களும் அதன் படப்பிடிப்பை நிறுத்தி வைத்தன. மூன்று வருடம் கழித்து வரும்போது யார் யார் என்றே பாதி மறந்திருக்கும். பலரும் யூட்யூபில் பத்து நிமிட ரீகேப் பார்த்துவிட்டு உட்காருகிறார்கள். ரீகேப் சம்பவங்களைச் சொல்லும், மனநிலையைச் சொல்லாது. முந்தைய சீசனின் கடைசி இரண்டு எபிசோடை முழுதாகப் பாருங்கள், அது போதும். செவரன்ஸ் மாதிரி சீரிஸில் அந்தக் கடைசி எபிசோடின் படபடப்பு உடம்பில் இருந்தால்தான் அடுத்த சீசனின் முதல் காட்சியே புரியும். நேரம் இருந்தால் முதல் சீசனின் முதல் எபிசோடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் எபிசோடைப் பற்றி மேலே சொன்ன குறைகளெல்லாம் கதை தெரிந்த பிறகு பார்க்கும்போது குறையாகவே தெரியாது.

இடைவெளி நீள்வதில் கதைக்கே சேதம் வருவதும் உண்டு. ஸ்ட்ரேஞ்சர் திங்ஸின் கதை 1983-இல் தொடங்குகிறது, கடைசிச் சண்டை 1987-இல், நடுவில் நாலு வருடம். நாம் அதைப் பார்த்தது 2016 முதல் 2025 வரை. பன்னிரண்டு வயதுக் குழந்தைகளாகச் சைக்கிளில் சுற்றியவர்கள் முழு ஆளாக வளர்ந்து நின்று பள்ளி மாணவர்களாக நடித்தார்கள். நடிப்பில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முதல் சீசனின் பயமே "இவர்கள் குழந்தைகளாயிற்றே" என்பதில்தான் இருந்தது, அது போய்விட்ட பிறகு அந்த இடத்தைப் பெரிய பெரிய சண்டைகளால் நிரப்பினார்கள். இதற்கு நேர் எதிராக தி பிட் இருக்கிறது. ஒரு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு நீண்ட ஷிஃப்ட், ஒரு எபிசோடுக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 15 எபிசோட். 2025 ஜனவரியில் முதல் சீசன், 2026 ஜனவரியில் இரண்டாவது, சொன்ன மாதிரி வருடத்துக்கு ஒரு முறை. பழைய டிவியின் இந்த ஒழுங்கு திரும்ப வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாத்திரங்களை மறக்கும் முன் அவர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஸ்லோ ஹார்ஸஸும் அப்படித்தான், சீசனுக்கு 6 எபிசோட், வளவள என்று இழுக்காமல் ஒரு வழக்கு, ஒரு முடிவு.

அடுத்து, டைட்டிலில் அதே ஷோரன்னர் பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். தி வெஸ்ட் விங்கை உருவாக்கி ஏறக்குறைய எல்லா வசனத்தையும் தானே எழுதிய ஆரன் சோர்கின் நான்காவது சீசனோடு விலகினார், ஐந்தாவதில் அதே நடிகர்கள் அதே அறைகளில் நடந்துகொண்டே பேசினாலும் பேச்சில் அந்தத் துள்ளல் இல்லை. கம்யூனிட்டியில் டான் ஹார்மனை மூன்றாவது சீசனுக்குப் பிறகு நீக்கினார்கள், நான்காவது எப்படி வந்ததோ, ஐந்தாவதுக்கு அவரையே திரும்ப அழைத்தார்கள். பெயர் மாறியிருந்தால் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு எபிசோட் பார்த்து, வேறு குரல் என்று தெரிந்தால், பழைய சீசன் முடிந்த இடத்தையே முடிவாக வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

முடிவு எப்போது என்று தெரிந்த சீரிஸுக்கு நான் கூடுதல் மதிப்பு கொடுக்கிறேன். லாஸ்ட் மூன்றாவது சீசனில் எங்கே போவதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, 2007-இல், இன்னும் மூன்று சீசன், 2010-இல் முடிவு என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு வந்த எபிசோட்களில் ஒரு நோக்கம் தெரிய ஆரம்பித்தது. சக்ஸஷனும் நான்காவது சீசன்தான் கடைசி என்பதை அது வருவதற்கு முன்பே சொல்லிவிட்டது, அந்த சீசனில் ஒரு காட்சி கூட இட்டு நிரப்பியதாகத் தோன்றவில்லை. முடிவு தெரிந்தால் மட்டும் போதாது, அங்கே போய்ச் சேர இடமும் வேண்டும். கேம் ஆஃப் த்ரோன்ஸ் முதல் ஆறு சீசனும் தலா 10 எபிசோட், ஏழாவது 7, எட்டாவது 6. முன்பு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகவே அரை சீசன் ஆன கதையில் கடைசியில் ஆட்கள் காட்சிக்குக் காட்சி கண்டம் தாண்டினார்கள். முடிவுக்கு வரும் சீரிஸில் எபிசோட் எண்ணிக்கை குறைந்து, சொல்ல வேண்டிய கதை மட்டும் மலையளவு மிச்சம் இருந்தால் எதிர்பார்ப்பை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள்.

மினி சீரிஸ் என்று சொல்லி முடித்துவிட்டு, நன்றாக ஓடியதால் இரண்டாவது சீசன் எடுப்பது இப்போது அதிகமாகிவிட்டது. பிக் லிட்டில் லைஸ் 2017-இல் 7 எபிசோடில் அழகாக முடிந்தது, 2019-இல் திரும்ப வந்தது, அதே பெரிய நடிகைகளோடு மெரில் ஸ்ட்ரீப்பும் சேர்ந்தும் கூட அரைத்த மாவையே அரைத்த உணர்வுதான். 2024-இன் ஷோகனும் 10 எபிசோடில் முடிந்த கதை, அதற்கும் அடுத்த சீசன் வருகிறது என்கிறார்கள். நான் பார்ப்பேன். ஆனால் முதல் சீசனின் அந்தக் கடைசி எபிசோட் எனக்குப் போதுமானதாகவே இருந்தது. ஸ்க்விட் கேமில் இதைவிட ஒரு சங்கடம்: 2021-இன் முதல் சீசன் 9 எபிசோடில் முழுமையான கதை, பிறகு ஒரே கதையை இரண்டாக வெட்டி 2024 டிசம்பரில் 7, 2025 ஜூனில் 6 என்று கொடுத்தார்கள். இப்படி வெட்டி வரும் சீசன்களில் முதல் பாதியை மட்டும் பார்த்து கருத்து சொல்ல முடியாது, இரண்டும் வந்த பிறகு சேர்த்துப் பாருங்கள்.

பார்க்கும் வேகம்

2013 பிப்ரவரி 1-ஆம் தேதி ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸின் 13 எபிசோடையும் நெட்ஃப்ளிக்ஸ் ஒரே நாளில் வெளியிட்டதிலிருந்து ஒரே மூச்சில் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. விறுவிறுப்பான துப்பறியும் கதைக்கு அது சரி. ஆனால் வாரம் ஒன்றாக வெளிவரும் சீரிஸை சேர்த்து வைத்து ஒரே இரவில் பார்ப்பவர்கள் நிறைய இழக்கிறார்கள். சக்ஸஷனோ புளூரிபஸோ ஒரு எபிசோட் முடிந்து ஒரு வாரம் அதை மனதில் போட்டு உருட்டும்போது, "அவள் ஏன் அப்படிச் சொன்னாள்" என்று வேறு வேலையின் நடுவில் திடீரென்று தோன்றும், நண்பரிடம் கேட்டால் அவர் வேறொன்று சொல்வார். ஒரே நாளில் மொத்தமாக வந்த சீரிஸ் என்றாலும் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். நாலாவது எபிசோடில் சலிப்பு வந்தால் அது சீரிஸின் குறையா, இரவு இரண்டு மணிக் கண்களின் குறையா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

வேற்று மொழி சீரிஸை டப்பிங்கில் பார்க்காதீர்கள், மூலக் குரலில் சப்டைட்டிலோடு பாருங்கள். டார்க்கில் பாதி பயம் அந்த ஜெர்மன் குரல்களில் இருக்கிறது.

விடுவதும் கருத்து சொல்வதும்

பாதியில் விடுவதற்குக் குற்ற உணர்ச்சியே வேண்டாம். "இவ்வளவு தூரம் பார்த்துவிட்டோமே" என்பது ஐந்தாவது சீசனுக்கு ஒரு காரணம் ஆகாது. பார்க்கத் தொடங்கும் முன் பெருமூச்சு வருகிறதா, எபிசோட் இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று பார்க்கிறீர்களா, ஒரு பாத்திரம் சாகும்போது எதுவுமே தோன்றவில்லையா, அப்போதே நிறுத்தலாம். விட்ட பிறகு முடிவை மட்டும் எங்காவது படித்துத் தெரிந்துகொள்வதிலும் தப்பில்லை.

கருத்து சொல்லும்போது, அடுத்தவர் விமர்சனத்தைப் படிக்கும் முன் உங்கள் கருத்தை ஒரு வரியில் எங்காவது எழுதி வையுங்கள், போனில் ஒரு குறிப்பாக இருந்தாலும் போதும். விமர்சனம் படித்த பிறகு எது நம்முடையது, எது அவருடையது என்று குழம்பிவிடும். "நல்லாயில்லை" என்பதோடு நிற்காமல் எந்த இடத்தில் கைவிட்டது என்று சொல்லுங்கள்: நடுவில் மூன்று எபிசோட் கதை நகரவில்லை, வில்லனுக்குக் காரணமே இல்லை, தங்கை பாத்திரத்தை மறந்தே போனார்கள், இப்படி. கேட்பவருக்கு அது பிடிக்குமா இல்லையா என்று அவரே முடிவு செய்ய அது உதவும், ஏனென்றால் உங்களுக்குச் சலிப்பு தந்த அந்த மூன்று எபிசோடே அவருக்குப் பிடித்துப் போகலாம். பெட்டர் கால் சாலை "ரொம்ப மெதுவா போகுது" என்று ஒருவர் குறை சொல்லித்தான் நான் பார்க்கத் தொடங்கினேன், எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

அப்புறம், எத்தனை எபிசோட் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டு பார்த்தவரின் கருத்தும் முழு சீசனும் பார்த்தவரின் கருத்தும் ஒன்றாக இருக்காது, இரண்டுமே கேட்கத் தகுந்தவைதான். எதிரே இருப்பவர் எதுவரை பார்த்திருக்கிறார் என்றும் கேளுங்கள், அவர் நாலாவதில் இருந்தால் நீங்களும் நாலாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஐந்தாவதில் ஒன்று இருக்கு, பாரு" என்று கூடச் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் ஐந்தாவது எபிசோட் முழுக்க அவர் அந்த ஒன்றுக்காகவே காத்துக்கொண்டிருப்பார்.